அந்நிய முதலீடு வந்தால் ஏழ்மை குறையுமா?

வெளிநாட்டு கம்பெனி வந்தால் ஏழைகளுக்கு என்ன லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். லாபம் உண்டு, ஆனால் பணம் எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தது. ஓடிக்கொண்டிருக்கும் உள்ளூர் கம்பெனியை வாங்கினால் பெரும்பாலும் முதலாளிதான் மாறுவார். புதிதாக ஆலை கட்டினால் கதை வேறு.

பெங்களூரையே பாருங்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்க சிப் கம்பெனி 1985இல் இங்கே வந்தது. 1991இல் இந்தியா அந்நிய முதலீட்டுக்குக் கதவை அகலத் திறந்த பிறகு மற்றவர்கள் வரிசை கட்டினார்கள். சரி, ஆனால் மென்பொருள் வேலை பட்டதாரிக்குத்தானே? ஈஜிபுராவில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு டெக் பார்க்கில் ஹவுஸ்கீப்பிங். அங்கே இருப்பது வெளிநாட்டு கம்பெனி, சம்பளம் தருவது கான்ட்ராக்டர். பி.எஃப். பிடிக்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் அக்கா மறுபடியும் புது ஆள். ஏழெட்டு வருஷ அனுபவம் கணக்கிலேயே வராது. அதே தெருவில் மெஸ் நடத்துபவருக்கு நல்ல வியாபாரம். (வாடகையைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.)

பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் இருக்கும் டொயோட்டா கார் ஆலை மாதிரி என்றால் ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் இடமுண்டு, உதிரிபாகப் பட்டறைகளும் கூடவே வளரும். வியட்நாம் போனது இந்த வழியில்தான்: தையல், காலணி, அப்புறம் செல்போன். ஆனால் ஆலைகள் வரும் முன்பே அங்கே பெரும்பாலானவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது.