பூசாமல் நின்ற சுவர்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு கஜகஸ்தான் போயிருந்தோம். துர்கிஸ்தான் ஊரில் கோஜா அகமது யாசவியின் அடக்கத்தலத்தையும் பார்த்தோம். பின்பக்கமும் பக்கச் சுவர்களும் நீல ஓடுகளால் மின்னுகின்றன. வாசல் பக்கம் மட்டும் வெறும் செங்கல். அதில் மரக்கழிகள் வேறு நீட்டிக்கொண்டு நிற்கின்றன. யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடத்தை இப்படியா வைத்திருப்பார்கள்? இது பாரசீகப் பாணியா, துருக்கியப் பாணியா? சமாதி வழிபாட்டை இஸ்லாம் ஏற்கிறதா?

ம., கோவை

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்வியை ஆலிம்களிடம் கேளுங்கள். பாணி பற்றி ஒரு வரி: கட்டச் சொன்னவர் மத்திய ஆசியப் பேரரசர் தைமூர், கட்டியவர்கள் பாரசீகக் கலைஞர்கள், உள்ளே துயில்பவர் துருக்கிய மொழியில் பாடிய சூஃபி. போதும்.

‘இப்படியா வைத்திருப்பார்கள்’ என்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். படித்ததும் கோபம் வந்தது. யாரும் அப்படி வைக்கவில்லை அய்யா. 1389-இல் தொடங்கிய வேலை, 1405-இல் தைமூர் இறந்ததும் நின்றுபோனது. முகப்புக்கு ஓடு வந்து சேரவில்லை. நீங்கள் முகம் சுளித்தது சாரக் கழிகளைப் பார்த்து. உள்ளே 1399-இல் வார்த்த இரண்டு டன் வெண்கலக் கொப்பரை இருக்கிறது. அதைப் பற்றி ஒரு சொல் இல்லை, கழியைப் பற்றி மட்டும் புகார்!

என் பெரியப்பா கொத்தனார். எங்கள் வீட்டு மேற்குச் சுவரைப் பூசுவதற்குள் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. சுவர் அப்படியே நின்றது, கழி செருகிய ஓட்டைகளோடு. நான் அவற்றில் கைவிட்டு விளையாடுவேன். ஒருநாள் கட்டிலில் படுத்தபடியே கேட்டார்: “ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் எவ்வளவு இருக்குன்னு பாரு.” அளந்தேன், நாலரை அடி. “அது என் கை எட்டுற உயரம். அதுக்கு மேல கல்லு வைக்கணும்னா சாரத்தை ஏத்தணும்.” அந்தச் சுவரில் அவருடைய உயரம் இருந்தது. அப்புறம் அண்ணன் தலையெடுத்து சிமெண்ட் பூசிவிட்டான். வீடு அழகாகத்தான் ஆனது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

துர்கிஸ்தானின் பெரிய குவிமாடம் 18 மீட்டர் அகலம், முழுக்கச் செங்கல். அங்கே முயன்று பார்த்த உத்திகளைத்தான் பின்னால் தைமூரின் தலைநகர் சமர்கந்தில் கையாண்டார்கள். அந்த மனிதர்கள் எப்படி மேலே ஏறினார்கள் என்பதை ஓடு பதித்த மூன்று பக்கங்களும் மறைத்துவிட்டன. முகப்பு ஒன்றுதான் காட்டுகிறது. அதையும் மூடச் சொல்கிறீர்கள்.

யாசவிக்கு அது குறையாகவே பட்டிருக்காது. நபிகள் மறைந்த 63 வயதை எட்டியதும், இனி மண்ணுக்கு மேல் வாழ மாட்டேன் என்று நிலத்தடி அறைக்குள் போய்விட்டவர் என்று சொல்கிறது மரபு.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அவ்வளவு தூரம் போய், பார்த்ததை எனக்கு எழுதவும் தோன்றியதே, அதற்கு என் அன்பு. நான் அங்கே போனதில்லை. நீங்கள் எடுத்த படங்களில் முகப்பு இருந்தால் அனுப்புங்கள். அந்தக் கழி வரிசைகளுக்கு நடுவே எவ்வளவு உயரம் இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.