தண்டுவட அழற்சி: நரம்பியல் மருத்துவரிடம் சில கேள்விகள்

கேள்வி: 28 வயதுத் தம்பிக்கு இரண்டே நாள்களில் கால்கள் மரத்துப்போய், சிறுநீரும் வெளியேறாமல் நின்றுவிட்டது. தண்டுவட அழற்சி என்று சொல்லி ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். இது முதுகெலும்புத் தேய்வுதானே?

பதில்: அல்ல. தேய்வில் எலும்போ, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டோ வெளியிலிருந்து அழுத்துகிறது. இங்கே முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றையான தண்டுவடத்துக்குள்ளேயே வீக்கம் ஏற்படுகிறது. அறிகுறிகள் தொடங்கி உச்சத்தை எட்டப் பெரும்பாலும் 4 மணி நேரம் முதல் 21 நாள்கள் வரை ஆகும். சில நிமிடங்களில் கால்கள் செயலிழந்தால் ரத்த ஓட்டத் தடையையும், மாதக்கணக்கில் மெல்ல நலிந்தால் கட்டி, வைட்டமின் பி12 குறைபாடு போன்றவற்றையும் ஐயுற வேண்டும். எம்.ஆர்.ஐ. உடனே எடுக்கப்படுவதன் முதல் நோக்கம், அறுவைச் சிகிச்சை தேவைப்படும் அழுத்தம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்வதே. அதன்பின் பெரியவர்களுக்கு மீத்தைல்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 1 கிராம் வீதம், 3 முதல் 5 நாள்கள் வரை ரத்தக்குழாய் (சிரை) வழியாகச் செலுத்துவது வழக்கம்.

கேள்வி: ஐந்து நாள் ஊசி முடிந்தும் என் மனைவியின் கால்களில் அசைவில்லை. பொறுத்திருக்கலாமா?

பதில்: கால்கள் முழுதும் செயலிழந்திருக்கையில் வாரக்கணக்கில் காத்திருப்பதை நான் ஏற்பதில்லை. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து நீக்கி மாற்றுத் திரவம் செலுத்தும் பிளாஸ்மா மாற்று அடுத்த படி. பொதுவாக ஒருநாள் விட்டு ஒருநாளாக 5 முதல் 7 முறை செய்யப்படும். தாமதமாகத் தாமதமாக அதன் பயன் குறைகிறது என்பதால், இன்றே மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: 'காரணம் தெரியவில்லை' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இத்தோடு விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். தண்டுவட அழற்சி என்பது நடந்ததைச் சொல்லும் பெயரே தவிர, ஏன் நடந்தது என்பதைச் சொல்லும் பெயரன்று. ஒரு தொற்றுக்குப் பின் ஒரேயொரு முறை வந்து போவதும் உண்டு. உடலின் எதிர்ப்பாற்றலே மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பல உறுப்புகளை அவ்வாறே தாக்கும் லூபஸ் போன்றவற்றின் முதல் அடியாக இருப்பதும் உண்டு. எம்.ஆர்.ஐ.யில் வீக்கம் மூன்று முள்ளெலும்புகள் அல்லது அதற்கும் மேலான நீளத்துக்குப் பரவியிருந்தாலோ, முன்பு கண்பார்வை மங்கியிருந்தாலோ, அக்குவாபோரின்-4, மாக் (MOG) என்ற நரம்பு மண்டலப் புரதங்களைத் தாக்கும் இரு எதிர்ப்பொருள்களுக்கான ரத்தப் பரிசோதனையைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். முதலாவது எதிர்ப்பொருள் 2004-இல்தான் அறியப்பட்டது. அதற்கு முன் அந்த எதிர்ப்பொருள் உள்ள நோயாளிகள் பலர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளாகவே கருதப்பட்டனர். பெயர் மாறினால் என்ன என்று கேட்கலாம். இண்டர்பெரான் பீட்டா, பிங்கோலிமோட் போன்ற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் மருந்துகள் அக்குவாபோரின் வகை நோயை மோசமாக்கக்கூடும். அந்த வகை மீண்டும் மீண்டும் தாக்கும் இயல்புடையது. ஒவ்வொரு தாக்குதலும் ஆறாத சேதத்தை விட்டுச்செல்லலாம். எனவே ரிட்டுக்சிமாப் போன்ற, மறுதாக்குதலைத் தடுக்கும் மருந்தை, உடல் தேறிய பின்னும் நீண்டகாலம் தொடர வேண்டியிருக்கும்.

கேள்வி: வெந்நீரில் குளித்தால் கால் தளர்கிறது. நோய் திரும்பிவிட்டதா?

பதில்: சேதமடைந்த நரம்பில் வெப்பம் கூடினால் செய்தி கடத்துவது தடைபடும், உடல் குளிர்ந்ததும் சரியாகும். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் மறுதாக்குதல் என்று ஐயுற வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீர் தானாகவே கசிகிறது. அப்படியானால் குழாய் தேவையில்லை அல்லவா?

பதில்: நிரம்பி வழிவதையும் கசிவு என்றே நினைத்துக்கொள்கிறோம். கழித்த பின் பையில் எவ்வளவு தங்குகிறது என்பதை ஸ்கேன் மூலம் அளந்துபாருங்கள். அதிகம் தங்கினால், நாளுக்கு 4 முதல் 6 முறை சுத்தமான கதீட்டரால் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்), ஒரு முறைக்கு 500 மி.லி.க்கு மிகாமல் வெளியேற்றப் பழக வேண்டும். இல்லையேல் பாதிப்பு சிறுநீரகம் வரை செல்லும். தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலோ பாதிப்புள்ளவருக்குத் திடீரெனக் கடும் தலைவலியும் வியர்வையும் ரத்த அழுத்த உயர்வும் வந்தால், அது அவசரநிலை. நிமிர்ந்து உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்ப்பையையோ மடங்கிய கதீட்டரையோ முதலில் கவனியுங்கள். அழுத்தம் தணியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: ஏழு மாதமாகிறது. இனி நடப்பேனா? தசை இறுக்கத்துக்குத் தந்த பேக்லோபென் மாத்திரையால் மயக்கமாக இருக்கிறது, நிறுத்திவிடலாமா?

பதில்: ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்கு தேறுகிறார், ஒருவருக்கு ஓரளவு குறை நிற்கிறது, ஒருவருக்குக் கடும் இயலாமை தங்குகிறது. முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்களில் வந்தாலும், சிலருக்கு இரண்டு ஆண்டுகள் வரையும் தொடர்கிறது. ஆகவே பிசியோதெரபியை இப்போது கைவிட வேண்டாம். பேக்லோபெனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறையுங்கள்.