பழைய ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் பாடிக்கு மட்டும் காசு வைத்துக்கொண்டு இறங்காதீர்கள்

இந்தக் கேள்வியைக் கேட்டவரிடம் கேனான் 1300டி கேமரா இருக்கிறது. கூடவே வந்த 18-55, பிறகு வாங்கிய 55-250 என்று இரண்டு லென்ஸ். செகண்ட் ஹேண்டில் கேனானின் 6டி ஒன்று கிடைக்கிறது, அது ஃபுல் ஃப்ரேம், அதாவது படம் பதியும் சென்சார் பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரியது. எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமராவுக்குப் போகும்போது இதை வாங்குவது வீண் செலவா என்று கேட்டிருக்கிறார். கையில் உள்ள பணம் பாடிக்குத்தான், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்குத்தான், சரியாக இருக்கும் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் நானும் அப்படித்தான் வாங்கினேன்.

நான் வேதாரண்யத்தில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எடுப்பவன். 2017-ல் 6டி மார்க் 2 வந்ததும் பழைய 6டியின் விலை இறங்கியது. திருச்சியில் ஒருவரிடம் 58 ஆயிரத்துக்கு வாங்கினேன். இன்றுவரை எனக்குச் சோறு போடுவது அதுதான். ஆகவே வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் முதலில் ஒன்று. உங்களிடம் இருக்கும் இரண்டு லென்ஸும் 6டியில் மாட்டாது. இரண்டும் ஈஎஃப்-எஸ் வகை, சின்ன சென்சாருக்கென்று செய்தவை. லென்ஸின் பின்பக்கம் பொருத்தும் குறி வெள்ளைச் சதுரமாக இருந்தால் ஈஎஃப்-எஸ், சிவப்புப் புள்ளியாக இருந்தால் ஈஎஃப். சிவப்புப் புள்ளி உள்ளதுதான் ஃபுல் ஃப்ரேமுக்கு ஆகும். அப்புறம் 1300டியில் பட்டனை அழுத்தினால் தலையில் எழும்புமே ஒரு குட்டி ஃப்ளாஷ், அது 6டியில் கிடையாது. பாடி வாங்கிய அன்று என் கையில் லென்ஸும் இல்லை, வெளிச்சமும் இல்லை. கடன் சொல்லி 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கி, அதை மட்டும் வைத்து ஆறு மாதம் ஓட்டினேன். ஃப்ளாஷை ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வாடகைக்கு எடுத்தேன்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால் விடிகாலை முகூர்த்தத்துக்காகத்தான். எங்கள் பக்கத்துச் சின்ன மண்டபங்களில் மேடையில் நாலு மஞ்சள் விளக்கு இருக்கும், ஹோமப் புகை இருக்கும், வீடியோக்காரர் லைட்டை எந்த நேரம் எந்தப் பக்கம் திருப்புவார் என்று தெரியாது. 1300டியில் இருட்டுக்காக ஏற்றும் ஐஎஸ்ஓ 1600 தாண்டினாலே பட்டுப்புடவையின் கறுப்பு நிழலில் மணல் தூவினாற்போல் ஆகிவிடும். 6டியில் 6400 வைத்து எடுத்த படத்தை ஆல்பத்தில் இரண்டு பக்கம் விரித்துப் போட்டிருக்கிறேன். சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர், பரப்பளவில் உங்களுடையதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். ஒரே லென்ஸ், ஒரே எக்ஸ்போஷர் என்றால் அத்தனை மடங்கு வெளிச்சம் படத்துக்குச் சேர்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஃபோகஸ் புள்ளிகள் பதினொன்றுதான், எல்லாம் நடுவில் நெருக்கியடித்து இருக்கும், அது குறைதான். ஆனால் அந்த நடுப்புள்ளி ஒன்று இருக்கிறதே, விளக்கை அணைத்த மண்டபத்திலும் பிடித்துக்கொள்ளும்.

ஃபுல் ஃப்ரேம் இல்லாமல் நல்ல படம் எடுக்க முடியாதா என்று யாராவது சண்டைக்கு வரலாம். முடியும். கோடியக்கரைக்குப் பறவை எடுக்க வரும் என் நண்பர் சின்ன சென்சாரில்தான் எடுக்கிறார், அவர் செய்வதுதான் சரி. 400 எம்எம் லென்ஸ் அவர் கேமராவில் 640 போல் காட்டும், என்னுடையதில் 400 வெறும் 400தான். தூரத்துப் பூநாரைக்கு என் கேமரா ஆகாது. பறவை எடுப்பவராக இருந்தால் 6டி வாங்கினாலும் 1300டியை விற்காதீர்கள்.

இனி என் கதை. 2018-ல் 24-105 எஃப் 4 லென்ஸ் ஒன்று பழையதாக வாங்கினேன், அந்தக் கடனையும் ஒருவழியாக அடைத்தேன். அந்த நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது. எங்களுடையது ஓட்டு வீடு. இரவு காற்று ஏறத் தொடங்கியபோதே அம்மா அரிசியைக் கொட்டிவிட்டு அந்த எவர்சில்வர் டிரம்மை என்னிடம் தள்ளினார். கேமரா பாடியையும் ஃப்ளாஷையும் துண்டில் சுற்றி உள்ளே வைத்து மூடினேன். லென்ஸ்கள் பைக்குள்தான் இருந்தன, நல்ல பை, மழை உறையும் போட்டிருந்தது, ஒன்றும் ஆகாது என்று பரண் மேல் ஏற்றிவிட்டேன். விடிந்தபோது பாதிக் கூரை இல்லை. பரண் இருந்த பக்கம் தப்பித்தது. பையைத் தொட்டுப் பார்த்தேன், வெளியே ஈரம், உள்ளே காய்ந்துதான் இருந்தது. அதோடு அதை மறந்துவிட்டேன். எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர 27 நாள் ஆனது. அந்த நேரத்தில் கேமராப் பையைத் திறந்து பார்க்கும் மனநிலை யாருக்கு இருந்தது.

தை மாதம் முதல் கல்யாணம். வரவேற்பில் மாப்பிள்ளைக்குப் பின்னால் அலங்கார விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எடுத்த படத்தில் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் பால் சிந்தியதுபோல் ஒரு வட்டம், முகமெல்லாம் பனி மூட்டம். முன் கண்ணாடியைத் துடைத்தேன், ஃபில்டரைக் கழற்றினேன், மாறவில்லை. சாப்பாட்டுக் கூடத்தின் பின்னால் போய் லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்துச் சாய்த்துப் பார்த்தேன். உள்கண்ணாடியில், விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, நாற்றங்காலில் பிடுங்கிய நாற்றின் வேர் மாதிரி வெள்ளை இழைகள். மயிரைவிட மெல்லியவை. கை நடுங்கிவிட்டது. கைக்குத் தெரியாமல் ஈரம் உறிஞ்சிய பையின் ஸ்பாஞ்சும், இருட்டும், காற்றில்லாத மூடிய பையும்தான் ஃபங்கஸுக்கு, அதாவது பூஞ்சைக்கு, வேண்டியவை. மூன்றையும் நானே கொடுத்து இரண்டு மாதம் வளர்த்திருக்கிறேன்.

அந்தக் கல்யாணம் முழுக்க 50 எம்எம்மில் எடுத்தேன். குரூப் போட்டோவுக்கு நாற்காலிகளை நகர்த்தச் சொல்லி மண்டபத்தின் வாசல் வரை பின்னால் போனேன். லென்ஸைச் சென்னையில் பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுத்தேன், 4,500 ரூபாய். இழை போய்விட்டது, ஆனால் அது உட்கார்ந்திருந்த இடத்தில் கண்ணாடியின் பூச்சு அரித்துப்போய்த் தடம் தெரிகிறது. வெளிச்சத்துக்கு எதிரே அந்த லென்ஸை இன்றும் நம்ப முடியவில்லை.

இதற்குப் பிறகு செய்ததுதான் உங்களுக்குச் சொல்ல வந்தது. ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, அரைக் கிலோ நீல சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. எல்லாம் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம்தான். மீட்டர் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அறுபதைத் தாண்டவிட்டால் ஃபங்கஸுக்குக் கதவைத் திறந்ததுபோல். ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் நிறமாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். சமையல் வாணலியில் வறுக்காதீர்கள், அந்த நீலத்தில் கோபால்ட் இருக்கிறது, அதற்கென்று ஒரு பழைய சட்டி வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸை அரிசிக்குள் புதைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும். பின்னால் டிரை கேபினெட்டும் வாங்கினேன், ஈரத்தைத் தானே குறைத்து வைக்கும் அலமாரி, நல்ல பொருள்தான். ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும். 27 நாள் இருட்டில் இருந்தவன் பெட்டியை விடமாட்டான்.

மற்ற சாமான்களில் கார்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 6டியில் ஒரே ஒரு கார்டுதான் போடலாம். கார்டு செத்தால் கல்யாணமே போச்சு. நான் 32 ஜிபி கார்டு நாலைந்து வைத்திருக்கிறேன். பெண் கூறைப்புடவை மாற்றப் போகும் இடைவெளியில் கார்டை மாற்றி, எடுத்ததைச் சட்டைப்பைக்குள் பட்டன் போட்டு வைத்துவிடுவேன். இரண்டு கார்டு போடும் கேமராதான் வேண்டும் என்றால் 5டி மார்க் 3 பாருங்கள், விலை ஏறும்.

விலை என்றதும் ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கேமரா வாங்கிக் கல்யாணம் எடுத்தால் போட்ட பணம் ஒரு வருடத்தில் வந்துவிடும் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். அட்வான்ஸ் வரும். மீதி ஆல்பம் கொடுக்கும்போது. ஆல்பம் போட நூறு படம் அவர்கள் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். அதைத் தரமாட்டார்கள். "பாக்கிறோம் தம்பி, அவரு வெளிநாட்ல இருக்காரு" என்பார்கள். ஒரு வீட்டில் கல்யாண ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும் முன்பே குழந்தைக்குக் காதுகுத்து வந்துவிட்டது, அதற்கும் என்னையே கூப்பிட்டார்கள். பழைய பாக்கி 22 ஆயிரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மேளக்காரருக்கும் சமையல்காரருக்கும் மண்டபத்திலேயே கணக்கு முடிக்கிறார்கள். போட்டோக்காரனுக்கு மட்டும் ஏன் இப்படி? இப்போது முகூர்த்தத்தன்றே முக்கால் பங்கு கேட்டு வாங்கிவிடுகிறேன். கறாரானவன் என்று ஊரில் பேர், இருக்கட்டும்.

சரி, மிரர்லெஸ். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸில் அவை முன்னால் போய்விட்டன, மறுக்கவில்லை. பணம் இருந்தால் அதையே வாங்குங்கள். இல்லாவிட்டால் பழைய ஈஎஃப் லென்ஸில் போடும் காசு வீணாகாது, நாளைக்குக் கேனான் மிரர்லெஸ் வாங்கினாலும் அடாப்டர் போட்டு அதே லென்ஸை ஆட்டோ ஃபோகஸோடு மாட்டலாம். பாடிதான் தேயும். 6டியின் ஷட்டருக்குக் கம்பெனி சொன்ன கணக்கு ஒரு லட்சம் படம். இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற எண் கேனானில் படத்தின் விவரத்தில் வராது, கேபிள் போட்டு லேப்டாப்பில்தான் பார்க்க முடியும். பார்க்க விடாத ஆளிடம் வாங்காதீர்கள். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப் 16 வைத்து வானத்தை ஒரு படம் எடுத்துப் பாருங்கள், சென்சாரில் தூசியும் கறையும் இருந்தால் கரும்புள்ளியாகத் தெரிந்துவிடும். லென்ஸும் சேர்த்துத் தருகிறார் என்றால் டார்ச் அடித்துப் பார்க்காமல் பணத்தை எண்ணாதீர்கள்.

பாடிக்கு வைத்த பணத்தில் 6டியும் 50 எம்எம்மும் பெட்டியும் அடங்கும் நாள் வரை 1300டியிலேயே எடுங்கள். 50 எம்எம்மை இப்போதே வாங்கலாம், அது இரண்டிலும் மாட்டும். எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. கடலோரம் என்றால் பெட்டியை இந்த மாதமே வாங்கிவிடுங்கள், உங்கள் 18-55க்கும் அது வேண்டும்.