சோழனுக்கு ஏன் நல்ல குதிரை இல்லை?

போன இதழில் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற, பழைய நாகரிகங்களை மோதவிடும் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி இரண்டே பத்திதான் எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் ராத்திரி தூங்குவதில்லை போலிருக்கிறது. இப்படிப்பட்ட விளையாட்டுகளில் எந்த நாகரிகத்தைச் சேர்ப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதைத்தான் முக்கால்வாசிப் பேர் கேட்டிருந்தார்கள். அதனால் இந்த முறை முழுக்க அதற்கே.

கேள்வி: 1999-ல் வந்த விளையாட்டுக்குள் சோழர்கள் நுழைய 2022 வரை ஏன் ஆனது? அப்போதும் ‘சோழர்’ என்று போடாமல் ‘திராவிடர்’ என்று போட்டது ஏன்?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: தம்பி, 2001-ல் கும்பகோணத்தில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். மணிக்கு இருபது ரூபாய். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வரும் பையன்கள் எல்லாரும் பாரசீகர்களுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். காரணம் யானை. முதலில் வந்த 13 நாகரிகங்களில் போர் யானை பாரசீகரிடம் மட்டும்தான் இருந்தது. காலையில் கும்பேஸ்வரர் கோயில் யானையிடம் ஆசி வாங்கியவன், சாயங்காலம் பாரசீக யானையை விட்டு வைக்கிங்குகளை மிதித்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் 2013-ல் ‘இந்தியர்’ வந்தார்கள். காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே மூட்டை. யானை மேல் வில்லாளி இருந்தான், சந்தோஷம். ஆனால் அந்த நாகரிகத்தின் பெரிய பலம் ஒட்டகம். எங்கள் ஊர்க்காரன் எவனும் அதைத் தன்னுடையது என்று நினைக்கவில்லை. 2022 ஏப்ரலில்தான் மூட்டையைப் பிரித்தார்கள். பழைய இந்தியர் ஹிந்துஸ்தானி ஆனார்கள். வங்காளியர், குர்ஜரர், திராவிடர் என்று மூவர் புதிதாக வந்தார்கள். ராஜேந்திர சோழன் பெயரில் தனியாக ஒரு படையெடுப்புக் கதையும் வந்தது. திராவிட வீரர்கள் தமிழிலேயே பேசுகிறார்கள்.

பெயருக்கு வருவோம். அந்த விளையாட்டில் பிரிட்டானியர், பிராங்குகள், மங்கோலியர் என்று மக்களின் பெயரைத்தான் பெரும்பாலும் வைப்பார்கள், அரச வம்சத்தின் பெயரை அல்ல. அந்தக் கணக்கில் சோழர், பாண்டியர், ஹொய்சாளர், விஜயநகரத்தார் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கூரை தேவைப்பட்டது. எனக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. அது ஒரு மொழிக்குடும்பத்தின் பெயர். 11-ஆம் நூற்றாண்டில் கடாரத்துக்குக் கப்பலேறிய வீரனை நிறுத்தி “நீ யாரப்பா?” என்று கேட்டிருந்தால் ‘திராவிடன்’ என்று சொல்லியிருக்க மாட்டான். சரி, ‘தமிழர்’ என்று வைத்திருக்கலாமே என்றால், வாரங்கலிலிருந்தும் மைசூரிலிருந்தும் உன்னைப் போலவே இரண்டு மாணவர்கள் கடிதம் எழுதியிருப்பார்கள். 2025-ல் வந்த ‘சிவிலைசேஷன் 7’ என்ற இன்னொரு நாகரிக விளையாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே காலத்துக்கு ஒரு நாகரிகம்: முதலில் மௌரியர், நடுவில் சோழர், கடைசியில் முகலாயர். வம்சத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

கேள்வி: திராவிடருக்கு நைட், ஹுஸார் என்ற குதிரைவீரர்கள் இல்லை. சோழனிடம் குதிரைப்படை இல்லையா? இது நம்மை மட்டம் தட்டுவது இல்லையா?
– மெக்கானிக், நாகப்பட்டினம்

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கோபப்பட வேண்டாம் அண்ணே. நைட் அந்த நான்கு இந்தியப் பிரிவுக்குமே கிடையாது. ஆனால் குர்ஜரருக்குத் தனிக் குதிரைப்படை கொடுத்தார்கள், ஹிந்துஸ்தானிக்கு ஒட்டகம். நம்மவர் லாயம் மட்டும் காற்றாடுகிறது, உண்மைதான்.

ஆனால் வரலாறு என்ன சொல்கிறது? புகார்த் துறைமுகத்தைப் பாடும் பட்டினப்பாலை, இறக்குமதிப் பட்டியலை ‘நீரின் வந்த நிமிர்பரிப் புரவியும்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. அப்போதே குதிரை கடல் வழியாகத்தான் வந்தது. அதற்கு ஆயிரம் ஆண்டு கழித்துப் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவும் அதையே எழுதுகிறார்: வருடா வருடம் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் பெரும்பாலானவை வருடம் முடிவதற்குள் செத்துப்போகின்றன. குதிரைக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார். படிக்கும்போது குதிரைக்காகப் பாவமாக இருந்தது. குதிரை இருந்தது, ஆனால் ஒவ்வொன்றும் காசு கொடுத்து வாங்கியது. அதை ‘லாயம் பலவீனம்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். எனக்கு அது நேர்மையாகத்தான் படுகிறது.

பதிலுக்கு என்ன தந்தார்கள் என்று பாருங்கள். அடுத்த யுகத்துக்குப் போகும்போதெல்லாம் 200 மரம் இலவசம். உடனே இன்னொரு துறை கட்டலாம். மீன்பிடிப்பவர் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சுமப்பார். காலாட்படைக்கு ‘வூட்ஸ்’ உருக்கு என்று ஓர் ஆராய்ச்சி. அதை முடித்தால் எதிரியின் கவசம் கணக்கிலேயே வராது. சுருள்வாள் வீசும் வீரன் உண்டு. உங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு தீவு வரைபடத்தில் விளையாடுங்கள், அப்புறம் சொல்லுங்கள் மட்டம் தட்டினார்களா என்று.

ஒரு குறை எனக்கும் உண்டு. போர்க்கப்பலுக்கு ‘திரிசடை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த திரிசடை அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்னவள். அவள் நெருப்பு அம்பு விட்டுக்கொண்டு வருவதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் வீட்டில் எழுந்துவிட்டார்கள்.

கேள்வி: பெரிய பேரரசு என்றால் இடம் கிடைக்குமா? என்னதான் கணக்கு?
– வங்கி ஊழியர், மதுரை

பதில்: பெருமைக்காகக் கொடுக்கும் பொன்னாடை என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-க்கு 2000-ல் வந்த விரிவாக்கத்தில் (கூடுதல் தொகுப்பு) கொரியர்கள் கடைசி நேரத்தில் நுழைந்த கதை பிரபலம். அப்போது தென் கொரியாவில் ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டுப் பித்து தலைக்கேறியிருந்தது, அந்தச் சந்தை வேண்டும். அதற்காக 1592-ல் தொடங்கிய போரில் பேர் வாங்கிய ஆமைக் கப்பலைக் கொண்டுவந்து இடைக்கால விளையாட்டில் மிதக்கவிட்டார்கள். ஆனால் அந்தக் கப்பல் இருந்ததால்தான் கொரியர் நிலைத்தார்கள். வேறு யாரிடமும் இல்லாத ஒன்று, ஆடும்போது கைக்குத் தெரிய வேண்டும். எவ்வளவு பெரிய பேரரசாக இருந்தாலும் ஈட்டியும் வில்லும் மட்டும் வைத்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரனின் நகலாகிவிடும்.

கேள்வி: காந்தி அணுகுண்டு போடுவார் என்று என் மகன் சொல்கிறான். நிஜமா?
– இல்லத்தரசி, சேலம்

பதில்: 1991-ல் வந்த முதல் ‘சிவிலைசேஷன்’ விளையாட்டில் ஒரு கணக்குப் பிழையால் காந்தி வெறிபிடித்தவர் ஆனார் என்பது இணையத்துக் கட்டுக்கதை. அதை உருவாக்கிய சிட் மையரே 2020-ல் மறுத்துவிட்டார். ஆனால் ஐந்தாம் பாகத்தில் வேண்டுமென்றே, கிண்டலுக்காக, அவருக்கு அணுகுண்டு ஆசையைக் கூட்டி வைத்தார்கள் அம்மா. மகன் முழுப் பொய் சொல்லவில்லை.

கேள்வி: தன் இனத்தைச் சேர்த்தால் யாருக்கும் சந்தோஷம்தானே? எதிர்த்தவர்கள் உண்டா?
– ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: உண்டு டீச்சர். ‘சிவிலைசேஷன் 5’-ன் 2013 விரிவாக்கத்துக்கு அமெரிக்காவின் பியூப்லோ மக்களைச் சேர்க்க நினைத்தார்கள். 1680-ல் ஸ்பானியரை விரட்டிய போப்பே தலைவர். பியூப்லோ பெரியவர்கள், எங்கள் தலைவரை விளையாட்டில் உருவமாக்கக் கூடாது என்றார்கள். விட்டுவிட்டு ஷோஷோன்களை எடுத்தார்கள்.

2018-ல் ‘சிவிலைசேஷன் 6’-க்குள் கனடாவின் கிரீ மக்கள் வந்தார்கள், பவுண்ட்மேக்கர் தலைவராக. இந்த முறை அவர் பெயரைத் தாங்கிய கிரீ சமூகத்தின் தலைவர் ஒருவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார்: நாட்டைப் பிடிப்பது எங்கள் மதிப்பீடு அல்ல என்று. பவுண்ட்மேக்கர் யார் தெரியுமா? 1885-ல் தன் முகாமைத் தாக்கித் தோற்று ஓடிய ராணுவத்தைத் துரத்த வேண்டாம் என்று தன் ஆட்களைத் தடுத்தவர். அதன் பிறகும் அவரைச் சிறையில் தள்ளினார்கள். 2019-ல்தான் கனடா அரசு அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தது. துரத்தாதே என்றவரை, துரத்தியும் ஜெயிக்கலாம் என்ற ஆட்டத்தில் வைத்துவிட்டார்கள். அவரை வைத்து ஒருமுறை ஆடிப் பார்த்தேன். நடுவில் நிறுத்திவிட்டேன்.

கேள்வி: உங்களிடம் விட்டால் அடுத்து யாரைச் சேர்ப்பீர்கள்?
– பல வாசகர்கள்

பதில்: இலங்கையின் பொலன்னறுவை அரசு. திட்டுவதற்கு முன் கேளுங்கள். 12-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பர்மாவுக்கும் பாண்டிய நாட்டுக்கும் படை அனுப்பியவன். எனக்கு வேண்டியது அந்தப் படை இல்லை, அவன் கட்டிய பராக்கிரம சமுத்திரம் என்ற ஏரி. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-ல் வயல் தீர்ந்துபோனால் 60 மரம் செலவழித்து மறுபடி விதைக்க வேண்டும். இவர்களுக்கு மட்டும் ஏரி வெட்டும் உரிமை கொடுங்கள். ஏரிக்கரையை ஒட்டிய வயல் தீரவே கூடாது. எதிரிக்கும் ஒரு வழி வேண்டுமல்லவா, கரையை உடைத்தால் அத்தனை வயலும் ஒரே நேரத்தில் காயட்டும். குதிரைவீரனை விட்டுவிட்டு, மதகுக்குக் காவல் போடுவதா வேண்டாமா என்று யோசிக்க வைக்கும் ஆட்டம். காவிரிக்கரையில் பிறந்தவன் வேறு என்ன கேட்பான்?