வீட்டிலேயே கிரவுன் பினியன் மாற்றினால் பினியன் டெப்த் எப்படி செட் செய்வது?

டிஃபரன்ஷியலில் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுற்றிவிடும் சின்னப் பல்சக்கரம் பினியன்; பினியன் கிரவுனுக்கு எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதுதான் பினியன் டெப்த். இதை வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம். ஸ்பெஷல் டூல் இல்லாமல் கை வைக்காதே என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். டெப்த் கேஜ் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், நான் மறுக்கவில்லை. ஆனால் கேஜ் வைத்துச் செய்பவரும் கடைசியில் பல்லில் விழும் அச்சை, அதாவது பல்லும் பல்லும் தொடும் இடத்தின் தடத்தைப் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

உங்களிடமும் பழைய மஹிந்திரா ஜீப் என்றே வைத்துக்கொள்கிறேன். எங்களுடையது போடி பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய வண்டி. ஒரு பட்டறையில் புது கிரவுன் பினியன் போட்டு வந்ததிலிருந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஊளைச் சத்தம், காலை எடுத்தால் நின்றுவிடும். கேட்டால் "புது செட்டு அப்படித்தான், ஓட ஓட அடங்கும்" என்றார்கள். எப்படி அடங்கும்? தப்பாக உட்கார்ந்த பல் தேயத்தான் செய்யும்.

வாசலிலேயே பிரித்தேன். பினியன் தலையில் ஒரு எண் கீறியிருக்கும். பழையதில் +2, புதியதில் -3, இரண்டும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு, அதாவது தவ். இந்த வகையில் பிளஸ் என்றால் பினியன் கிரவுனை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும், மைனஸ் என்றால் நெருங்க வேண்டும். ஆக, பினியனை நெருக்க 5 தவ் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகட்டு வளையம்) கூடுதலாகப் போட்டிருக்க வேண்டும். அவர்கள் பழைய ஷிம்மையே அப்படியே போட்டிருக்கிறார்கள். ரெட் லெட் என்ற சிவப்புப் பொடியை எண்ணெயில் குழைத்து கிரவுன் பல்லில் தடவி, கிரவுனைக் கட்டையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பினியனைச் சுற்றினால், அச்சு பல்லின் மேல் விளிம்பை ஒட்டியே விழுந்தது.

மேலே விழுந்தால் ஷிம் கூட்டுங்கள், அடிவேரில் விழுந்தால் குறையுங்கள். அச்சு பல்லின் நீளவாக்கில் ஒரு முனைக்கு ஒதுங்கினால் அது பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள ஆட்டம்) விஷயம், அதை கிரவுன் பக்க ஷிம்மில் சரி செய்து, டயல் கேஜில் 6 முதல் 10 தவ்வுக்குள், உங்கள் வண்டி மேனுவல் சொல்கிறபடி வையுங்கள். என் வண்டியில் பினியன் ஷிம் உள் பேரிங் கப்புக்கு (பேரிங்கின் வெளி வளையம், ஹவுசிங்கில் இறுக்கமாக உட்காரும்) பின்னால் வரும். ஒவ்வொரு முறையும் புதுக் கப்பைத் தட்டிக் கழற்றினால் கப்பும் கெடும், ஹவுசிங்கும் கெடும். பழைய கப்பின் வெளிச்சுற்றை எமரியில் தேய்த்து, கையாலேயே ஏறி இறங்கும்படி வைத்துக்கொண்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம்.

  

ஷிம் முடிவானதும் பழைய கப்பை எடுத்துவிட்டுப் புதுக் கப்பை அடித்து இறக்கியதும் அச்சை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள், பேரிங் உயரம் ஓரிரு தவ் மாறியிருக்கலாம். சந்தேகம் இருந்தால் பல்லின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.