பார்ன்ஸ் காமனில் பனிமூட்டம்

வணக்கம் ஐயா,

1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தபோது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டால் ஹாரோவில் ஒரு நூலகத்தில்தான் இருப்பேன். அங்கே ஒரு தட்டு நிறைய, பிபிசியின் விஞ்ஞானக் கற்பனைத் தொலைக்காட்சித் தொடர் 'டாக்டர் ஹூ'வின் கதைப் புத்தகங்கள், டார்கெட் என்ற பதிப்பகம் போட்டவை. அவற்றை வாசித்துத்தான் எனக்கு இங்கிலிஷ் பிடிபட்டது. இப்போது இரண்டு வருடமாக அவற்றைத் தேடி வாங்குகிறேன். நாற்பது சேர்ந்துவிட்டன. "சின்னப்பிள்ளையள் பாக்கிற நாடகத்தின்ர புத்தகத்தை இந்த வயசில வாங்கிறியளே" என்று மனைவி சிரிக்கிறா.

ஒரு சந்தேகம். முதல் கதை பனிமூட்டமான இரவில், லண்டனின் பார்ன்ஸ் காமன் வெளியில், ஒரு விபத்தோடு தொடங்கியதாக நல்ல ஞாபகம். போன மாதம் டிவிடி வாங்கிப் பார்த்தால் பள்ளிக்கூடமும் பழைய சாமான் கிடங்கும்தான் வருகின்றன. நாற்பது வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது பொய்யா?

வெ., ஹாரோ

அன்புள்ள வெ.,

பொய்யில்லை. நீங்கள் வாசித்தது டேவிட் விட்டேகர் எழுதியது. தொடரின் திரைக்கதைகளைத் தேர்ந்து செப்பனிடும் பொறுப்பில் முதன்முதலில் இருந்தவர் அவர். 1963 நவம்பரில் தொடங்கிய தொடரில், உலோகக் கூட்டுக்குள் வாழும் எதிரிகளான டாலெக்குகள் வந்தது இரண்டாவது கதையில். அதைத்தான் 1964இல் அவர் நாவலாக்கினார். முதல் கதை புத்தகமாக வந்திருக்கவில்லை. பாத்திரங்களை வாசகனுக்கு அறிமுகம் செய்ய வேண்டுமே? அதற்காகப் பள்ளிக்கூடத்தைத் தூக்கிவிட்டு, பனிமூட்டத்தையும் விபத்தையும் புதிதாக எழுதினார். திரையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த இயன் இதில் வேலை தேடும் விஞ்ஞானி. கதையைச் சொல்வதும் அவன்தான். கண்ணாடியால் ஆன டாலெக் ஒன்றும் இதில் வரும். இந்தக் கதையின் திரைவடிவில் அது கிடையாது. உங்கள் நாற்பதில் இந்தப் புத்தகம் இல்லை என்று ஊகிக்கிறேன். இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள்.

டார்கெட் 1973இல் இதையும் இன்னும் இரண்டு பழைய நாவல்களையும் கிறிஸ் அகிலியோஸின் அட்டைப்படங்களோடு மறுபதிப்புச் செய்து தன் வரிசையைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஒளிபரப்பானதைத் தவறவிட்டால் விட்டதுதான். இந்தத் தொடரின் முதல் வீடியோ கேசட் வந்ததே 1983இல். அதற்குள் பிபிசியே பழைய நாடாக்களை அழித்து வேறு நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தியிருந்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் இன்றுவரை கிடைக்கவில்லை. 1964இல் வந்த 'மார்க்கோ போலோ' ஏழு பகுதி. ஏழும் போய்விட்டன. தொலைக்காட்சிப் பெட்டியருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பிடித்த ரசிகர்களின் புண்ணியத்தில் குரல்கள் மட்டும் தப்பின. ஆகவே உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: நாடகத்துக்கு வந்த புத்தகம் என்பது பாதிதான் சரி. பல கதைகளுக்கு அந்தக் குரல்களை விட்டால் புத்தகம்தான் மிச்சம். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துப் படங்களோடு பைண்டு செய்து வைத்த நம் வீட்டுப் பெரியவர்களை யாரும் சிரித்ததில்லை.

நான் தொடரைப் பார்க்கும் முன்பே புத்தகத்தைப் படித்தவன். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில், அட்டையில் இருந்த டைனோசருக்காக ஒன்று வாங்கினேன். மால்கம் ஹல்க் எழுதியது. குகைக்குள் ஊர்வன இனம் ஒன்று தூங்கிக் கிடக்கிறது. முதல் அத்தியாயமே அவர்களில் ஒருவன் மனதிலிருந்து விரிகிறது. மனிதன் அவன் கண்ணுக்கு வெறும் குரங்கு. எதிரிக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதைச் சிறுவர் நூலில் இவ்வளவு இயல்பாக வைத்தவர்கள் குறைவு. பிற்பாடு அந்தக் கதையைத் திரையில் பார்த்தேன். ரப்பர் முகமூடிகள்! புத்தகமே போதும் என்று தோன்றியது.

எல்லாம் இந்தத் தரம் இல்லை. டெரன்ஸ் டிக்ஸ் அறுபதுக்கு மேல் எழுதினார். ஆரம்பத்தில் எழுதியவை அருமை. எழுபதுகளின் கடைசியில் வேகம் கூடக்கூட, திரைக்கதைக்கு நடுவே 'என்றார்', 'என்றாள்' சேர்த்த மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் பத்து வயதில் மொழி தெரியாமல் வந்து நின்ற உங்களுக்குக் கைகொடுத்தது அவருடைய அந்தச் சின்ன வாக்கியங்களாகத்தான் இருக்கும். டாக்டரின் காலயந்திரமான டார்டிஸ் வந்திறங்கும்போது மூச்சிரைத்து முனகும் சத்தம் என்று ஒவ்வொரு புத்தகத்திலும் அதே சொற்கள் வரும். திரும்பத் திரும்பக் கேட்டால்தானே மொழி ஒட்டும்?

புத்தகத்தின் முதுகில் உள்ள வரிசை எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். அந்த எண்கள் எண்பதுகளில் ஒட்டவைக்கப்பட்டவை. அதுவரை வந்திருந்த எழுபத்துச் சொச்சம் புத்தகங்களை அகரவரிசையில் அடுக்கி எண் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்தவற்றுக்கு வெளிவந்த வரிசை. கதையின் காலவரிசைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. எண்ணை நிரப்பக் கிளம்பினால் பிடிக்காததையும் அதிக விலைக்கு வாங்குவீர்கள். (சொந்த அனுபவம். வேறு ஒரு வரிசையில்.) திரையில் அழிந்த கதைகளை முதலில் தேடுங்கள். 'மார்க்கோ போலோ'வை அதன் திரைக்கதையை எழுதிய ஜான் லூக்கரொட்டியே நாவலாக்கியிருக்கிறார். பிறகு ஹல்க் எழுதியவை. முதல் பக்கத்தில் ஏதோ ஒரு பிள்ளை பேனாவால் பெயர் எழுதியிருந்தால் விலை குறையும். தயங்காமல் எடுங்கள்.

விட்டேகரின் புத்தகத்துக்குப் பழைய பிரதி தேடி அலைய வேண்டியதில்லை. பிபிசி புக்ஸ் 2011இல் மறுபடி வெளியிட்டது. முதல் அத்தியாயத்தை மனைவிக்கும் வாசித்துக் காட்டுங்கள். பார்ன்ஸ் உங்கள் ஹாரோவிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை.