நல்லவரின் கையெழுத்து

அன்புள்ள அக்கா,

இரண்டாவது பிள்ளை பிறந்தபின் வங்கி வேலையை விட்டேன். இப்போது கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தையற்கடை தொடங்க நினைக்கிறேன். யாழ்ப்பாணம் கோப்பாயில் உள்ள என் சீதனக் காணியை ஈடு வைக்க எண்ணம். கணவர் நல்லவர், கேட்டால் கையெழுத்திடுவார். மீண்டும் வேலைக்குப் போவதா, கடையா? பல்கலைக்கழகங்களில் பெண்களே அதிகமாயிருக்க, சமவாய்ப்பு இல்லையென்று நீங்கள் எழுதுவது மிகையல்லவா?
— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

இலங்கையில் பல்கலைக்கழகம் செல்வோரில் பெண்கள் அதிகம் என்பது உண்மைதான். உழைக்கும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொருவரே தொழிற்படையில் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. மாமியார் என்ன சொல்வார் என்று நீங்கள் அரைப்பக்கம் எழுதியிருந்ததை இங்கே வெட்டிவிட்டேன்; அதற்குப் பதிலும் இல்லை. ஆனால் "கணவர் நல்லவர்" என்ற வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை. உங்கள் பெயரில் உறுதியுள்ள காணிக்கு இன்னொருவருடைய நல்ல குணம் ஏன் தேவைப்படுகிறது என்று, வங்கியில் வேலை பார்த்த நீங்களே கேட்காதது எனக்குக் கோபமூட்டுகிறது.

யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றித் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்பது 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்த கட்டு. கணவனுக்கு அப்படியொரு கட்டு இல்லை. கொழும்பில் குடியிருப்பதால் அது உங்களை விட்டுவிடாது. பொதுச் சட்டத்தின் கீழுள்ள பெண்கள் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தால் இதிலிருந்து விடுபட்டார்கள். மட்டக்களப்புப் பெண்ணும் மலையகப் பெண்ணும் தம் காணியைத் தாமே விற்கலாம். ஆனால் அவர்களில் ஒருத்தி தேசவழமைக்குட்பட்ட ஒருவரை மணந்தால், அந்த மணவாழ்வு நீடிக்கும்வரை அவளும் அதற்குள் வந்துவிடுகிறாள்.

என் சின்னம்மாவின் கணவர் போர்க்காலத்தில் காணாமற்போனார். மாவரைக்கும் இயந்திரமொன்று வாங்குவதற்காகத் தன் கொக்குவில் காணியை ஈடு வைக்கப் போனவரிடம், உறுதி எழுதும் நொத்தாரிசு கணவரின் சம்மதத்தைக் கேட்டார். இருப்பிடம் தெரியாத கணவனின் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றம் அனுமதி வழங்கலாமென்று சட்டம் சொல்கிறது. அதற்குச் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பணமும், வழக்குத் தவணைக்கு ஏறி இறங்கும் நாட்களும், "அவரைக் காணவில்லை" என்று எழுதிக் கையொப்பமிடும் மனத்திடமும் வேண்டும். சின்னம்மா கடைசியில் தாலிக்கொடியை விற்றார். அதை விற்பதற்கு எவர் சம்மதமும் தேவைப்படவில்லை. வாங்கிய இயந்திரமும் அந்தப் பணத்தின் அளவுக்குச் சிறியதாகவே இருந்தது. நம் பெண்களின் தொழில்கள் ஏன் வீட்டு விறாந்தையைத் தாண்டுவதில்லை என்று வியப்பவர்கள், கடனுக்குப் பிணையாக அவர்களால் எதைத் தனியே வைக்க முடிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கடையைத் தொடங்குங்கள், உங்கள் கணக்கறிவு அதற்குப் போதும். சம்மதப் பத்திரத்தில் கணவர் கையெழுத்திடும் நாளில், அந்தச் சட்ட ஏற்பாட்டை நீக்கக் கோரி நீதி அமைச்சுக்கு நீங்கள் எழுதும் கடிதத்திலும் அவர் கையெழுத்திடுவாரா என்று கேளுங்கள்.